லைற்றை அணைக்கச் சொல்லாதே, மகள்

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு நீ போனில் அழுததில் இருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. இரணைமடு வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, சிறுபோகத்துக்கு விதைக்கிறார்கள், வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோன இடத்தில் அப்பா ஏதோ கேட்க நான் வேறு ஏதோ சொல்லியிருக்கிறேன். வட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் பாதியில் குரல் உடைந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

விடுதியில் அறை மாற்றித் தரும்படி கேட்கப்போவதாகச் சொன்னாய். உன் அறையில் இருக்கும் காபூல் பிள்ளை விடிய விடிய லைற் போட்டபடி படுக்கிறாள், உனக்கு நித்திரை இல்லை, காலையில் வகுப்பில் தலை சுற்றுகிறது. சரி, கஷ்டம்தான். ஆனால் அவள் எப்படி வந்தவள் என்று முதல் கிழமையே எனக்குச் சொன்னது நீதானே? 2021 ஓகஸ்டில் தலிபான் வந்து, அடுத்த வருடம் மார்கழியில் பெண்களுக்குப் பல்கலைக்கழகமே இல்லை என்று பூட்டி, அம்மாவையும் தங்கச்சிகளையும் விட்டுவிட்டுத் தனியே பங்களாதேஷுக்கு, நீ படிக்கும் சிட்டகொங்குக்கு வந்த பிள்ளை.

உனக்கு ஞாபகம் இருக்காது. 2009 இல் முள்ளிவாய்க்காலில் இருந்து வந்து செட்டிகுளத்தில், மெனிக் பாம் முகாமில், ஒரு கூடாரத்துக்குள் மூன்று குடும்பம் இருந்தோம். உனக்கு நாலு வயது. விளக்கை அணைத்தால் வீரிட்டுக் கத்துவாய். பக்கத்தில் படுத்தவர் வற்றாப்பளை ஆச்சி ஒருவர், மகனைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர். ஒரு நாளாவது முகம் சுளித்திருப்பாரா? சேலைத் தலைப்பால் தன் கண்ணை மூடிக்கொண்டு படுப்பார், மெழுகுதிரி முடிந்தால் தன் பங்கையும் எடுத்துத் தருவார். நீ இருட்டில் தூங்கப் பழக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நீயும் ஒரு துணியைக் கண்ணில் கட்டிக்கொண்டு படுத்துப் பாரேன்.

இன்னொன்று. இரவில் எல்லாரும் கூடிப் படிக்கும்போது நீ மட்டும் அறைக்குள் இருக்கிறாயாம், ஆங்கிலம் தடக்குகிறது என்று வெட்கமாம். அந்த ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகம் 2008 இல் தொடங்கியதே உன்னைப் போன்ற பிள்ளைகளுக்காகத்தான். கார்மென்ற்ஸில் தைத்த பிள்ளைகளும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள், அவர்களுக்கும் நாக்குத் தடக்கித்தான் வந்திருக்கும். உன்னிடம் கணக்கு இருக்கிறது. அதைக் கொண்டுபோய் அவர்கள் நடுவில் இரு, ஆங்கிலத்தை அவர்களிடம் வாங்கிக்கொள். இங்கே சாதாரணதரம் படிக்கும்போது நாலு பேர் எங்கள் திண்ணையில் ஒரே விளக்கில் படித்தீர்களே, யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தது என்று அன்றைக்கு எவர் கணக்குப் பார்த்தார்?

லீவு முடிந்து திரும்பும் மட்டக்களப்புப் பிள்ளையிடம் புழுக்கொடியலும் மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுகிறேன். எள்ளுருண்டை இரண்டு பொதியாகக் கட்டியிருக்கிறேன், ஒன்று அந்தக் காபூல் பிள்ளைக்கு. அவளுடைய பெயரைச் சரியாக எப்படிச் சொல்வது என்று கேட்டு எழுது, கோயிலில் உன் பெயரோடு சேர்த்து அர்ச்சனை செய்ய வேண்டும்.

அம்மா