பனிக்கரையில் சாய்ந்து போகும் கார்கள்

உமியோ, ஸ்வீடன், 2025 மார்ச்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனம் லேசானது. ஒரு மாதம் கார் ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொன்னதை ஆயுள் தண்டனை போல எழுதியிருக்கிறாய். உண்மையில் தண்டனை வீட்டில் உன்னோடு இருப்பவர்களுக்குத்தான்.

உன் கேலிக்கு வருகிறேன். ஸ்வீடன் ராலி என்ற கார் பந்தயத்தைப் பார்க்கப் போகிறேன் என்று எழுதியதற்கு, "பனியில் பந்தயமா? யார் பயந்து மெதுவாகப் போகிறாரோ அவர்தானே ஜெயிப்பார்?" என்று கேட்டிருந்தாய். போய் நிற்கும்வரை நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் உலக ராலி சாம்பியன்ஷிப்பின் மிக வேகமான பந்தயங்களில் இதுவும் ஒன்று. சராசரி வேகமே மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிவிடுகிறது. அதுவும் இரண்டு கார் ஒதுங்க முடியாத காட்டுப் பாதையில்.

விடியுமுன் கிளம்பி, காட்டுக்குள் இரண்டு கிலோமீட்டர் நடந்து, ஒரு வளைவின் உட்புறத்து மேட்டில் இடம் பிடித்தேன். மீசையில் மூச்சு உறைந்து ஊசி ஊசியாக நின்றது. முதலில் சத்தம் வரும் என்று காத்திருந்தேன், வந்தது வெளிச்சம். மரங்களுக்கு இடையே விளக்குகள் தாவித் தாவி வந்தன. பிறகு காவலர்களின் விசில். அடுத்த கணம் கார் எங்களைப் பார்த்தபடி, அதாவது பக்கவாட்டில், வளைவுக்குள் நுழைந்தது. அதன் பின்பக்கம் எதிர்க்கரைப் பனியில் 'பொத்'தென்று இடித்து நிமிர்ந்தது. அவ்வளவுதான், போய்விட்டது. அது கிளப்பிய பொடி மட்டும் வெகுநேரம் எங்கள் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று நிமிடம் கழித்து அடுத்த கார்.

இடித்தது தவறி அல்ல. இதுதான் நான் உனக்கு எழுத நினைத்த விஷயமே. சாலையிலிருந்து தள்ளிய பனி இருபுறமும் கரையாக இறுகியிருக்கிறது. வேகமாக வரும் ஓட்டுநர் அந்தக் கரையில் காரின் பின்பக்கத்தைச் சாய்த்து, அதன் தாங்கலில் வளைவைக் கடக்கிறார். கரை கெட்டியாக இருந்தால் சுவர் போலத் தாங்கும். பஞ்சாக இருந்தால் காரை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளைதான்! அதனால்தான் ஒவ்வொரு காரிலும் மண்வெட்டி இருக்கிறது. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய காருக்குள் ஒரு மண்வெட்டி இருப்பது எனக்கு என்னவோ மிகவும் பிடித்துப்போனது.

ஜப்பானியர் தகமோட்டோ கட்சுட்டாவை எடுத்துக்கொள். 2024இல் முதலிடத்துக்கு நெருக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தவரைப் பனிக்கரை பிடித்துக்கொண்டது. அந்த வாய்ப்பு அங்கேயே புதைந்தது. இந்த ஆண்டு கடைசிவரை விடாமல் போராடினார். மொத்தம் 18 கட்டங்கள், அதாவது தனித்தனியாக நேரம் குறிக்கும் சாலைத் துண்டுகள், சுமார் 300 கிலோமீட்டர். எல்லாம் முடிந்து நேரத்தைக் கூட்டிப் பார்த்தால், வேல்ஸ்காரர் எல்ஃபின் எவன்ஸ் 3.8 நொடி முன்னால். அந்த வேகத்தில் அது நூற்றுச் சொச்சம் மீட்டர்தான். முந்நூறு கிலோமீட்டரில் எந்த வளைவில் அதை விட்டோம் என்று அந்த மனிதர் தூக்கத்தில்கூடத் தேடிக்கொண்டிருப்பார். எனக்கு ஜெயித்தவரைவிட அவர் மேல்தான் மனம் போயிற்று. நீ எப்போதும் என்னைத் திட்டுவாயே, தோற்றவர் பக்கம் சாய்கிறவன் என்று, அதேதான்.

டயரைப் பற்றி நீ கட்டாயம் கேட்பாய். பனிக்கு அகலமான டயர்தானே வேண்டும் என்று நினைத்தேன். நேர்மாறு. அகலமான டயர் பனியின் மேலேயே மிதந்துவிடுமாம். ஒல்லியான டயர்தான் மேல் பனியைக் கிழித்துக்கொண்டு அடியில் இருக்கும் ஐஸைத் தொடும். தொட்டதைக் கவ்வுவது டயர் முழுக்கப் பதித்த ஆணிகள். பிரெல்லி டயர்களில் ஓடிய ஆண்டுகளில் ஒரு டயருக்கு 384 ஆணிகள் இருந்தன. முனை டங்ஸ்டன். ஐஸ் உறுதியாக இருக்கும்வரை அந்தப் பிடி அபாரம். வெயிலிலோ, கார்கள் திரும்பத் திரும்ப ஓடியோ ஐஸ் தேய்ந்து சரளை மேலே வந்துவிட்டால் தொல்லைதான்: கல் ஆணியைப் பிடுங்கிவிடும், பிடியும் போய்விடும்.

முதலில் கிளம்புபவருக்கு இன்னொரு சங்கடம். புதிதாகப் பனி பெய்திருந்தால் அவர்தான் துடைப்பம். அவர் கூட்டிவிட்டுப் போன பாதையில் மற்றவர்கள் வேகமாக வருவார்கள். சாம்பியன்ஷிப் புள்ளிப் பட்டியலில் முன்னால் இருப்பவர் முதல் நாள் முதலில் போக வேண்டும் என்பது விதி. நன்றாக ஓட்டியதற்குப் பரிசு பெருக்கும் வேலை!

வளைவுக்குள் நுழையும் விதத்தையும் சொல்கிறேன், நீ ரசிப்பாய். இடது வளைவு வருகிறது என்று வை. ஓட்டுநர் முதலில் வலப்பக்கம் ஒரு வெட்டு வெட்டுகிறார். காரின் எடை ஒருபக்கம் சாய்கிறது. உடனே இடப்பக்கம் திருப்பினால், ஊஞ்சல் போல வீசிக்கொண்டு பின்பக்கம் தானாகச் சுழன்று வருகிறது. வலது கால் ஆக்ஸிலரேட்டரை விடாமல் இருக்க, இடது கால் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு எடுக்கிறது. சறுக்கலைத் தவிர்ப்பது அல்ல இவர்கள் வித்தை. எங்கே சறுக்குவது என்று முன்கூட்டியே முடிவு செய்வது. வளைவே கண்ணில் படாத தூரத்தில் அந்த முடிவு நடந்தாக வேண்டும். அதற்குத்தான் பக்கத்தில் ஒருவர் நோட்டைப் பார்த்து வாசித்துக்கொண்டே வருகிறார்: வளைவின் கூர்மை எண்ணாக, அடுத்த வளைவுக்குள்ள தூரம் மீட்டரில். தலை நிமிர்ந்து சாலையைப் பார்க்கக்கூட அவருக்கு நேரம் இல்லை.

உன் அப்பாவின் காரில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது நீயும் இப்படித்தான் கத்திக்கொண்டே வந்தாய். என்ன, அவர்கள் வளைவுக்கு முன்னால் சொல்கிறார்கள். நீ வளைவு முடிந்த பிறகு சொல்வாய்.

இன்னொரு வேடிக்கை. ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டத்துக்குப் போகும்போது இதே கார்கள் பொதுச் சாலையில், நம்பர் பிளேட்டோடு, வேக வரம்பை மதித்துப் போகின்றன. சிவப்பு விளக்கில் ஒரு ராலி கார் என் பஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. உடம்பெல்லாம் பனி. உள்ளே இருந்தவர் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

1950இல் இது கோடைப் பந்தயமாக, நள்ளிரவுச் சூரியன் பெயரில் தொடங்கியதாம். 1965இல்தான் குளிர்காலத்துக்கு மாறியது. வெகுகாலம் வட ஐரோப்பியர்களைத் தவிர யாரும் இங்கே ஜெயித்ததில்லை. 2004இல் பிரான்ஸின் செபாஸ்டியன் லோப் அதை உடைத்தார். இப்போது மனிதர்களைவிடப் பருவம்தான் பெரிய எதிராளி. பனி இல்லாமல் 1990இல் பந்தயமே நடக்கவில்லை. 2020இல் பல கட்டங்களை வெட்டினார்கள். 2022இல் தெற்கே கார்ல்ஸ்டாட் பக்கத்தை விட்டு வடக்கே இந்த உமியோவுக்கு வந்துவிட்டார்கள். இதற்கும் வடக்கே போக எவ்வளவு நாடு மிச்சம் இருக்கிறது என்று வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிக் கார் போனதும் சாலையில் இறங்கி நடக்க விட்டார்கள். ஐஸில் உழவு போட்டது போலக் கோடுகள். அதில் ஒன்றில் ஒரு டயர் ஆணி கிடந்தது. என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், ஒருபக்கம் தேய்ந்து சாய்ந்திருந்தது. உனக்காக எடுத்துவந்தேன். இந்த உறைக்குள் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். கண் சரியாகும்வரை நீயே பிரிக்காதே, வேறு யாரிடமாவது கொடு. முனை இன்னும் கூர்மையாக இருக்கிறது.

அன்புடன்,
மணி