மூலைவாசல் கட்டடத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு

திருகோணமலையில் நாங்கள் வைத்த கட்டடக்கலைக் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. ஆட்களை அதிகம் இழுத்தது, பிரீமேசன் என்ற பழைய சகோதரத்துவச் சங்கத்தின் இலண்டன் தலைமையகத்தின் மாதிரிதான்.

முதல் நன்றி அதைச் செய்து தந்த கிண்ணியாத் தச்சுவேலை நானாவுக்கு. அந்தக் கட்டடம் நிற்பது கோணல்மாணலான காணியில். வரைந்த ஆஷ்லியும் நியூமனும் கோபுரத்தையும் வாசலையும் மூலையில் வைத்து, அங்கிருந்து குறுக்காகப் பெரிய மண்டபத்துக்கு வழிவிட்டார்கள். 1,700 பேர் இருக்கக்கூடிய, 62 அடி உயர மண்டபம் அது. சுற்றிவர அறைகள் இருப்பதால் தெருவில் நின்று பார்த்தால் தெரியாது. அதற்காகவே நானா கூரையைக் கழற்றிப் பார்க்கிற மாதிரிச் செய்தார். மண்டபத்தின் வெண்கலக் கதவுகள் ஒவ்வொன்றும் ஒன்றேகால் தொன். நானாவின் கதவுகளைச் சின்னப்பிள்ளைகள் விரலால் திறந்தார்கள். மூலைவாசலுக்கு யார் மனையடி சாஸ்திரம் பார்த்தது என்று கேட்டுச் சிரிக்க வைத்த ஐயாவுக்கும் நன்றி!

பொதுமக்களை உள்ளே கூட்டிப்போய்க் காட்டும் சுற்றில் சேர்ந்து படங்கள் எடுத்தனுப்பிய இலண்டன் மருமகள் இல்லாவிட்டால் உள்வேலை ஒன்றும் நடந்திராது.

"இது இரகசியச் சங்கமெல்லோ?" என்றுதான் பாதிப்பேர் கேட்டார்கள். சளைக்காமல் பதில் சொன்னவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை அக்கா. முதலாம் உலகப்போரில் இறந்த 3,225 உறுப்பினர்களின் நினைவாக 1927இலிருந்து 1933 வரை கட்டியது அந்தக் கட்டடம். அவர்களின் பெயர்ச் சுருள் உள்ளே வெண்கலப் பேழையில் இருக்கிறது. பக்கத்தில் உப்புவெளிப் போர் மயானத்தின் படத்தை மாட்டியதும் அக்காதான். "இங்கே போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறோம்; அங்கே நினைவிடத்துக்குள்ளேயே கூட்டமும் கந்தோரும் நடக்குது" என்று அவர் சொன்னதும் பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டது. இலண்டன் கட்டடத்துக்கு முதலில் வைத்த பெயர் மேசன் சமாதான நினைவகம். 1939இல் அடுத்த போர் வந்ததும் பெயரை மாற்றிவிட்டார்கள். அந்தப் பெயரே இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

மாதிரியை நோகாமல் ஏற்றிவந்த ஓட்டோத் தம்பிக்கும், தேத்தண்ணியும் வடையும் தந்த உவர்மலை மாமிக்கும், பணம் தந்த எல்லோருக்கும் நன்றி. இலண்டன் கட்டடத்துக்குக் காசு கொடுத்த உறுப்பினர்களுக்கு மார்பில் அணியப் பதக்கம் கொடுத்தார்களாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை, இந்த மடல்தான்.

கண்ணாடிப் பெட்டி செய்து தருவதாகச் சொன்ன அண்ணைக்கு, பெட்டி வந்ததும் தனியாக எழுதுகிறோம்.