ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறாயாமே

ரங்கூன்

அன்பு ராமையா,

நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருக்க ஆத்தாளை வேண்டுகிறேன். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேரன் பிறந்த சேதி, மோல்மேனில் மழை, எல்லாம் படித்தோம். அதற்கெல்லாம் அப்புறம் எழுதுகிறேன். கடைசியில் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தாயே, அதுதான் மனசில் முள்ளாய் உறுத்துகிறது. "வயசாயிடுச்சுடா, ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கேன். போன மாசம் மாத்தின கண்ணாடியும் இப்ப மங்கலாத்தான் தெரியுது." வயசு என்றுதான் நானும் ஒரு வருஷம் நினைத்திருந்தேன், ராமையா.

பங்குனியில் பூக்குழி இறங்கினேன். இந்தத் தடவை சூடே தெரியவில்லை. ஆத்தா அருள் என்று கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது எனக்கு. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது வள்ளியம்மைதான் பார்த்துவிட்டுக் கத்தினாள். இடது குதிகாலில் கொட்டைப்பாக்கு அளவுக்குக் கொப்புளம், உடைந்து நீர் வடிகிறது. எனக்கு வலியே இல்லை. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டினோம். ஐந்து வாரமாகியும் ஆறவில்லை.

பிறகுதான் டாக்டரிடம் போனேன். பர்மாக்கார அம்மா. புண்ணைப் பார்த்ததும், ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், தாகம் உண்டா என்றுதான் முதலில் கேட்டார். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, "உள்ளங்காலில் தொடுவேன், தொட்டதும் சொல்லுங்கள்" என்றார். நானும் காத்திருந்து, காத்திருந்து, "எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?" என்று கேட்டேன். அதற்குள் அவர் பத்து இடத்தில் தொட்டு முடித்திருந்தார். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை அவர் கையில் இருந்தது. விரலில் குத்திப் பார்த்தார்கள், சர்க்கரை 342. சூடு தெரியாமல் போனது நரம்பு கெட்டதால் என்று அப்போதுதான் விளங்கியது. வருஷக்கணக்காக உள்ளேயே இருந்திருக்கும் என்றார்.

பர்மாக்காரர்கள் இந்த நோயை 'சீச்சோ' என்கிறார்கள், இனிப்பு மூத்திரம் என்று அர்த்தம். டீக்கடையில் இனிப்புப் பால் டீக்கு 'ச்சோ செயின்' என்று கேட்போமே, அதே ச்சோ. ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180-ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைப் பிடித்துவைக்க முடியாமல் வெளியே விட்டுவிடுகிறதாம். சர்க்கரை போகும்போது உடம்பிலிருக்கிற தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் ராத்திரியெல்லாம் நடை, நாக்கு வறட்சி. நான் அந்தத் தாகத்துக்கு என்ன குடித்தேன் தெரியுமா? கரும்புச்சாறும் லப்பேயே பால் டீயும்! குடிக்கக் குடிக்கத் தாகம் கூடத்தான் செய்தது.

கைலி இடுப்பில் நிற்காமல் நழுவியது. கோவிலில் எல்லோரும் "மெலிஞ்சு நல்லா இருக்கீங்க" என்றார்கள், எனக்கும் சந்தோஷமாக இருந்தது. பழையபடிதான் சாப்பிட்டேன், உடம்பு மட்டும் கரைந்துகொண்டிருந்தது. கண்ணாடி விஷயத்தைக் கேள். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணில் உள்ள லென்ஸே வீங்கி வடியுமாம். சர்க்கரை அடங்கிச் சில வாரம் போனபிறகுதான் புதுக் கண்ணாடி போட வேண்டும் என்றார். நீ இன்னொரு கண்ணாடிக்குக் காசு கொடுத்துவிடாதே.

எனக்கு வந்த பயத்தில் வீட்டில் எல்லோரையும் கூட்டிப்போனேன். மகளுக்குப் பின்கழுத்து வெல்வெட் துணி மாதிரி தடித்துக் கறுத்திருந்தது. அழுக்கென்று தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி மறைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கறுப்பும் ஒரு அறிகுறி. வெறும் வயிற்றில் 112, இன்னும் நோயாகவில்லை. தங்கச்சிக்கு அடிக்கடி அரிப்பு, நீர்க்கடுப்பு என்று இருந்தால் வெட்கப்படாமல் சொல்லச் சொல். பெண்கள் அதை மூடிவைத்தே காலத்தை ஓட்டுகிறார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் யாராவது, நிறுத்திய படுக்கை நனைப்பு திரும்ப ஆரம்பித்து, மெலிந்து, வாந்தியும் எடுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது.

உங்கப்பாவுக்குக் கால் விரல் எடுத்தது நினைவிருக்கிறதா? நாம் இரண்டு பேரும்தான் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தோம். அந்த ரத்தம் உனக்குள்ளேயும் ஓடுகிறது. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் தவிர எதுவும் தொடாமல், காலையில் வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடு. 126-ஓ அதற்கு மேலோ வந்தால் சர்க்கரைதான், 100-க்கு மேலென்றாலே கவனிக்க வேண்டும். மூன்று மாதச் சராசரி பார்க்கிற சோதனையும் உண்டு, அதில் 6.5 எல்லை. தங்கச்சியையும் கூட்டிப்போ. ஒரு அறிகுறியும் இல்லாமலே பலருக்கு இருக்கிறது.

எனக்கு இப்போது மாத்திரையும் காலையில் ஒரு ஊசியும். டீ சர்க்கரையில்லாமல் பழகிவிட்டது. ராத்திரி ஒரு தடவைதான் எழுந்திருக்கிறேன். வள்ளியம்மை தினமும் விளக்கைக் கிட்டே வைத்துக்கொண்டு என் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். புண் பயத்தம்பருப்பு அளவுக்கு வந்துவிட்டது.

கடிதம் கிடைத்த மறுநாளே போய், வந்த நம்பரைப் போனில் சொல். கடிதம் வரும்வரை என்னால் காத்திருக்க முடியாது.

உன்
முனியாண்டி