சிஜில்மாசா கட்டுரைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சிஜில்மாசா முற்றுகை பற்றிய நீண்ட கட்டுரை ஒருவழியாக அச்சேறிவிட்டது. வட ஆப்பிரிக்க வரலாற்றைத் தமிழில் யார் படிக்கப்போகிறார்கள் என்று கேட்டவர்களே இப்போது பிரதி கேட்கிறார்கள். அட்டையில் என் பெயர் மட்டும் இருப்பது உறுத்துகிறது. உங்கள் பெயர்களைப் போடக்கூடாது என்று நீங்கள் எல்லோரும் கறாராகச் சொல்லிவிட்டதால், செய்த உதவிகளை மட்டும் இங்கே எழுதுகிறேன். உரியவருக்குப் புரியும்.

முதல் வணக்கம் அரபி ஆசிரியருக்கு. வரலாற்றாசிரியர் இப்னு கல்தூனின் ‘கிதாபுல் இபர்’ நூலில் வரும் அந்தப் பத்தியை எனக்காகச் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் சொன்னீர்கள் ஐயா. கட்டுரையை இன்னும் படிக்காதவர்களுக்காகச் சுருக்கம் இதுதான்: மொராக்கோவை ஆண்ட மரீனிய வம்சத்துச் சுல்தான் அபூ யூசுப் யஃகூப், 1274இல் சிஜில்மாசாவைப் பிடித்தார். இன்றைய மொராக்கோவின் தென்கிழக்கில், சஹாராவின் விளிம்பில் இருந்த ஊர் அது. பாலைக்கு அப்பாலிருந்து ஒட்டகங்களில் தங்கம் வந்திறங்கும் இடம். அப்போது அதைக் கையில் வைத்திருந்தவர்கள் இன்றைய அல்ஜீரியாவில் உள்ள திலிம்சானை ஆண்ட அப்துல் வாதிய அரச மரபினர். கவண்பொறிகளோடு நெருப்புப் பொறி ஒன்றையும் சுல்தான் நிறுத்தினார் என்கிறார் இப்னு கல்தூன். அறை போன்ற ஒன்றுக்குள் ‘பாரூத்’ எனும் வெடிமருந்து பற்றிக்கொள்ள, இரும்புத் துணுக்குகள் சீறிப் பாய்ந்தனவாம். இதைச் சொல்லிவிட்டுப் படைத்தவனின் ஆற்றலை வியக்கிறார். ‘உலகின் முதல் பீரங்கி வட ஆப்பிரிக்காவில்’ என்று உலவும் செய்திகளுக்கு இந்த ஓர் இடம்தான் முக்கிய ஆதாரம்.

எல்லோரும் அங்கேயே நின்றுவிடுவார்கள். நீங்கள் மேலே படிக்கச் சொன்னீர்கள். ஓராண்டுக் காலம் காலையும் மாலையும் சண்டை நடக்கிறது. ஒருநாள் மதிலின் ஒரு பகுதி சரிகிறது. சரித்தவை கவண்பொறி ஓயாமல் வீசிய கற்கள்! படை உள்ளே புகுந்ததும் அந்த உடைப்பு வழியாகத்தான். வெடிமருந்துப் பொறிதான் ஊரை வீழ்த்தியது என்று அதை எழுதியவரே சொல்லவில்லை. என் கட்டுரை பிறந்தது அந்த அடுத்த வரியில்.

மொராக்கோவில் வேலை பார்க்கும் கட்டுமானப் பொறியாளர் தம்பிக்கு அடுத்த நன்றி. விடுமுறை நாளில் ரிசானி வரை போய், ஊரை ஒட்டிக் கிடக்கும் இடிபாடுகளைப் படமெடுத்து அனுப்பினாய். தடித்த மண் சுவரில் இரும்புத் துணுக்கு பட்டால் புதைந்து நிற்கும், சுவர் அசையாது என்று நீ சொன்னது கட்டுரையில் அப்படியே இருக்கிறது. அப்படியொரு பொறி இருந்திருந்தால், மதில்மேல் நின்ற ஆட்களைக் கலைக்கவே அது பயன்பட்டிருக்கும் என்பது என் ஊகம். பழியை உன் தலையில் போடமாட்டேன்.

பட்டாசு ஆலையில் வேதியியல் பார்த்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி, வெடிமருந்தின் முக்கியச் சரக்கான வெடியுப்பு பற்றி நீங்கள் நடத்திய பாடம் தனிப் புத்தகமாக வரவேண்டியது. சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகள் கலந்திருந்தால் வெடியுப்பு காற்றின் ஈரத்தை இழுத்து மருந்தை நமத்துப்போகச் செய்யும். மரச்சாம்பல் கரைசலைச் சேர்த்துக் காய்ச்சினால் அந்த அழுக்கு அடியில் படியும். சிஜில்மாசா விழுந்த அதே காலகட்டத்தில் சிரியாவில் ஹசன் அர்ரம்மாஹ் இந்தச் சுத்திகரிப்பை எழுதிவைத்திருக்கிறார். 1248இல் இறந்த மருந்தியலாளர் இப்னுல் பைத்தாருக்கும் வெடியுப்பு தெரியும். மக்ரிபு எனப்படும் வடமேற்கு ஆப்பிரிக்காவின் மக்கள் அதை பாரூத் என்பார்கள் என்று குறித்திருக்கிறார். சரக்கு கைவசம் இருந்தது. சரக்கு இருந்தால் பீரங்கிக் குழலும் இருந்தது என்று ஆகிவிடுமா என்று நீங்கள் கேட்ட கேள்விதான் கட்டுரையின் மூன்றாம் பகுதி.

ஆய்விதழ்களைத் தேடித்தந்த பேராசிரியர் அம்மாவுக்கு நான் பட்ட கடன் பெரிது. இப்னு கல்தூன் துனிஸில் பிறந்தது 1332இல். இந்த வரலாற்றை எழுதியது முற்றுகைக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து. தன் காலத்தில் கண்ட கருவியைப் பழைய போருக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டாரோ என்று ஐயப்படும் அறிஞர்கள் உண்டு. அந்த ஐயத்தை எனக்கு அறிமுகப்படுத்தியதோடு, திலிம்சானையும் நினைவூட்டினீர்கள். சிஜில்மாசாவுக்கு 25 ஆண்டுகளுக்குப் பிறகு அதே மரீனியர் திலிம்சானைச் சூழ்ந்தார்கள். 1299 முதல் 1307 வரை, வெளியே மன்சூரா என்று ஒரு நகரத்தையே கட்டிக்கொண்டு, பட்டினி போட்டுக் காத்திருந்தார்கள். கடைசியில் அப்போதைய மரீனிய சுல்தான் கொலையுண்டதும் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார்கள். மதிலைத் தகர்க்கும் மருந்து கையில் இருந்தவர்கள் 8 ஆண்டு உட்கார்ந்திருப்பார்களா? இதைவிட வலுவான வாதத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஸ்பானிய மொழி தெரிந்த தோழி தந்த பக்கங்கள் இல்லையென்றால் கட்டுரை வெறும் சந்தேகத்தோடு முடிந்திருக்கும். தென் ஸ்பெயினின் துறைமுக நகரான அல்ஹெசிராஸ் முற்றுகை, 1342 முதல் 1344 வரை. இங்கே மரீனியர் மதிலுக்கு உள்ளே. வெளியே காஸ்தீலிய மன்னர் பதினோராம் அல்போன்சோ. உள்ளிருந்து ஆப்பிள் அளவு இரும்புக் குண்டுகள் இடிமுழக்கத்தோடு பறந்து வந்ததையும், பட்ட அங்கம் கத்தியால் அறுத்ததுபோல் துண்டானதையும் அந்த மன்னரின் வரலாற்றேடு சொல்கிறது. எதிரியே பயந்து எழுதிய சாட்சி என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். முற்றுகையைத் தாண்டி நகருக்குள் நழுவிய படகுகளில் மாவு, தேன், வெண்ணெய், கூடவே வெடிமருந்து இருந்ததாக வரும் குறிப்பை நீங்கள் மொழிபெயர்த்து அனுப்பியதும் கட்டுரையின் கடைசிப் பகுதியைத் திருப்பி எழுதினேன். சோறும் மருந்தும் ஒரே படகில் ஏறும் அளவுக்கு அது அன்றாடத் தேவையாகிவிட்டதே.

வரைபடம் வரைந்த தங்கைக்கும், அரபிப் பெயர்களை ஒரே சீராக்கிய பிழைதிருத்துநருக்கும், தாள் விலை ஏறிய பிறகும் பழைய கணக்கிலேயே அடித்துக்கொடுத்த அச்சகத்தாருக்கும் நன்றி. உங்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதிகள் இந்த வாரம் தபாலில் வருகின்றன. அல்ஹெசிராஸ் பகுதியைத் தனிக் கட்டுரையாக விரிக்கும் எண்ணம் இருக்கிறது. தோழி, மீதிப் பக்கங்களையும் எடுத்துவையுங்கள்.

மிக்க நன்றியுடன்,
கட்டுரையாளன்