குளக்கரைச் சேற்றையும் விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

யாழ்ப்பாணத்துக் குளங்களைத் தூர்வாருவது தேவையான வேலைதான். ஆனால் நாலு பக்கமும் சீமெந்துச் சுவர் எழுப்பினால், நீரும் நிலமும் சந்திக்கும் ஈரவிளிம்பே இல்லாமற் போகிறது. நன்னீர்ச் சேற்று மண்புழுக்களுக்கு அந்த விளிம்புதான் வீடு.

ஆசிய நாடுகளின் வயற்சேற்றிலும் ஓடைக்கரையிலும் வாழும் கிளைபிட்ரிலஸ் என்ற மண்புழுப் பேரினத்தைப் பாருங்கள். உடலின் முன்பகுதி உருண்டை, பின்பகுதி நாற்சதுரம். முதிர்ந்த புழுவின் உடலில் ஒரு பகுதியில் மட்டும் இரு பக்கமும் சிறகுபோல மெல்லிய தோல்மடிப்பு இருக்கும். தலை சேற்றுக்குள் இருக்க, வாலை மேலே நீட்டித் தோலாலேயே மூச்சு விடும். தோல் காய்ந்தால் மூச்சும் நின்றுவிடும்.

ஆகவே ஒரு கரையையாவது சீமெந்து பூசாமல் சரிவாக விடவேண்டும். அந்தப் பக்கத்துக் கோரையையும் புல்லையும் செதுக்கக்கூடாது. பூச்சிமருந்துத் தாங்கியைக் குளத்தில் அலசுவது அறவே கூடாது.

உங்கள் குளத்தில் சேற்றுப்புழு உண்டா என்றறிய, மாரியில் நீர்விளிம்பிலே 20 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஒரு மண்வெட்டிச் சேறு எடுத்து, குளத்துத் தண்ணீராலேயே அரிதட்டில் மெதுவாக அலசுங்கள். விரலால் இழுத்தால் வால் அறுந்துவிடும். பார்த்ததும் எடுத்த இடத்திலேயே விடுங்கள்.

மண்வள ஆர்வலர்கள்,
யாழ்ப்பாணம்