இந்த வருஷ ஆண்டறிக்கை: பாதிக்கு மேல பாரன் தீவு தான்

தலைவர் சார், கமிட்டி மெம்பர்ஸ், வந்திருக்கற எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவ பொருளாளர் அக்கா தனியா படிப்பாங்க, நான் அதுக்குள்ள போகல. மாசக் கூட்டம் மழையால ரெண்டு தடவ நடக்கல, பீச் கிளீனிங் நடந்துச்சு, டீ செலவு ஏறிடுச்சு, அவ்ளோதான்.

பெரிய விஷயம், அந்தமான் கடல்ல இருக்கற எரிமலைத் தீவான பாரன் தீவுக்கு போன ட்ரிப். ரெண்டு தடவ கடல் சரியில்லன்னு கேன்சல் ஆகி மூணாவது தடவ தான் போனோம். போர்ட் பிளேர்ல இருந்து (2024ல ஸ்ரீ விஜய புரம்னு மாத்திட்டாங்க, எனக்கு இன்னும் வாய்ல வரமாட்டேங்குது) வடகிழக்க சுமார் 140 கிலோமீட்டர். எறங்க விடமாட்டாங்க, சுத்தி வந்து பாக்கறதோட சரி. லேசா புகை மட்டும் பாத்துட்டு "இதுக்கா இவ்ளோ வாந்தி எடுத்தோம்"னு சிலர் கேட்டாங்க, அவங்களுக்கு தான் இந்த பதில்.

தீவு குறுக்க மூணு கிலோமீட்டர் தான், ஒசரம் 354 மீட்டர், ஆனா அது வெறும் தலை, ஒடம்பு ரெண்டு கிலோமீட்டருக்கு மேல கடலுக்குள்ள கெடக்கு. சுத்தி நிக்கற பழைய எரிமலை வாயோட மதில் மேற்கு பக்கம் ஒடைஞ்சிருக்கு, நடுவுல ஒரு சாம்பல் கூம்பு, எரிமலைக் குழம்பு வந்தா அந்த ஒடைசல் வழியா தான் கடலுக்கு ஓடும், நாம பாத்த கறுப்பு கரை அப்படி வந்தது தான். பூமி மேலோட்டோட பெரிய துண்டுங்கள்ல இந்தியத் தட்டு பர்மா தட்டுக்கு அடியில போறதால இதெல்லாம். நம்ம ஊருக்கு பேர் குடுத்த பிரிட்டிஷ் அதிகாரி ஆர்ச்சிபால்ட் பிளேரே 1789ல இது கொதிக்கறத எழுதி வெச்சிருக்காரு. அப்புறம் 1832க்கு மேல தூங்கி 1991ல முழிச்சுது, நடுவுல நூத்தம்பது வருஷத்துக்கு மேல! அந்த வெடிப்புல பறவைங்க ரொம்ப கொறஞ்சு போச்சு. பிரிட்டிஷ்காரன் காலத்து ஆடுங்களோட வம்சம் மட்டும் எப்படியோ தாக்குப்புடிச்சிருக்கு.

மாசக் கூட்டத்துல பேசினதுல எனக்கு புடிச்சது அந்தமான்ல இருக்கற இன்னொரு தீவு, நார்கொண்டம் தான். அதுவும் எரிமலை தான், 710 மீட்டர், ஆனா மனுஷன் எழுதி வெச்ச காலத்துல வெடிக்கவே இல்ல, அதனால முழுக்க காடு. நார்கொண்டம் இருவாச்சிங்கற பறவை ஒலகத்துலயே அங்க மட்டும் தான் இருக்கு. பொட்டை மரப்பொந்துக்குள்ள தன்ன அடைச்சுகிட்டு முட்டையிடும், ஆண் அத்திப்பழம் கொண்டாந்து இடுக்கு வழியா ஊட்டும். (இத சொன்னப்ப லேடீஸ் பக்கம் கைதட்டல்.) இந்த பறவைக்காக தான் 2012ல அங்க ரேடார் வெக்க சுற்றுச்சூழல் அமைச்சகம் முடியாதுன்னுச்சு, 2014ல சரின்னுட்டாங்க. நாம பாரன் புகையயே போட்டோ போட்டுட்டு இத மறந்துடறோம்னு எனக்கு ஒரு வருத்தம்.

அடுத்த வருஷம் மறுபடி பாரன் போகணும்னு பேர் குடுத்தவங்க வாந்தி மாத்திரைய படகு ஏறறதுக்கு முன்னாடியே போட்டுக்கோங்க, ஏறினப்புறம் செயலாளர்கிட்ட கேக்காதீங்க, நானும் படுத்துட்டு தான் இருந்தேன்.