கீபோர்டு வேஷம் போட்ட ஸ்கேனர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் டிரைவர் பற்றி, அதாவது சாதனத்தையும் கம்ப்யூட்டரையும் பேசவைக்கும் மென்பொருள் பற்றி, வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இந்த விஷயத்தைத் தமிழில் யாராவது எழுதமாட்டார்களா என்று ஏங்கியவன் நான், அதனால் முதலில் நன்றி. ஆனால் பல சாதனங்களுக்கும் ஒத்துவரும் பொது இன்டர்ஃபேஸ் (பேசும் முறை) ஒன்று இருக்கும்போது ஒரு சாதனத்துக்கென்று தனியாக டிரைவர் எழுதுவது வெட்டிவேலை என்று கட்டுரையாளர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். பதினெட்டு வருடமாகப் பில்லிங் மெஷின், தராசு, ஸ்கேனர் என்று மல்லுக்கட்டிப் பிழைக்கிறவன் என்ற முறையில் அவர் சொல்வதில் முக்கால் பங்கை ஒத்துக்கொள்கிறேன். மீதிக் கால் பங்குக்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்த முக்கால் பங்கு எனக்கு ஏன் நியாயமாகப் படுகிறது என்றால், எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடையில் இன்றைக்கும் கல்லாவுக்குக் கீழே விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பெட்டி ஒன்று இருக்கிறது. தராசு விற்றவர்கள் அதற்கென்றே ஒரு யுஎஸ்பி டிரைவர் எழுதி சிடியில் கொடுத்தார்கள். 32 பிட் டிரைவர். பிறகு கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். 64 பிட் விண்டோஸ் 32 பிட் கெர்னல் டிரைவரை (கெர்னல் என்றால் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) ஏற்றவே ஏற்றாது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்துபோனது. தராசு கல்லுக்குண்டு மாதிரி நன்றாக இருக்கிறது, பேசத்தான் ஆளில்லை. முதலாளி தினமும் காலையில் சாமி படத்துக்குக் காட்டும் ஊதுபத்தியை அந்தப் பெட்டிக்கும் ஒரு சுற்றுக் காட்டுகிறார். அதே தராசு, பைட்டுகளை வரிசையாக அனுப்பும் ஒரு சாதாரண சீரியல் போர்ட்டாக வந்திருந்தால் இந்தப் பூஜைக்கு வேலையே இல்லை.

சரி, இனி கால் பங்கு. ஒரு நூலகத்தில் பார்கோடு ஸ்கேனர் வைத்துக்கொடுத்தோம். மலிவான ஸ்கேனர். கம்ப்யூட்டரில் செருகினால் "நான் ஒரு கீபோர்டு" என்று அறிமுகம் செய்துகொள்ளும் ரகம். டிரைவர் வேண்டாம், எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் ஓடும். கட்டுரையாளர் புகழும் பொது இன்டர்ஃபேஸின் உச்சம் என்றே சொல்லலாம். புத்தக லேபிள்களில் சின்ன எழுத்தில் எல், ஐ, பி என்று தொடங்கி அப்புறம் எண் வரும். இரண்டு நாள் கழித்து நூலகர் அம்மா போன் செய்தார்: "தம்பி, உங்க மெஷின் தமிழ் பேசுதே!" போய்ப் பார்த்தால், திரையில் "தனங2041".

காரணம் எளிது. புத்தகத் தலைப்பு அடிப்பதற்காக அவர் தமிழ்99 கீபோர்டு லேஅவுட்டுக்கு மாறியிருந்தார். யுஎஸ்பி கீபோர்டு எழுத்தை அனுப்புவதில்லை, விசை எண்ணைத்தான் அனுப்புகிறது. எல்லுக்கு 15, ஐக்கு 12, பிக்கு 5. அந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதை இந்தப் பக்கம் லேஅவுட் முடிவு செய்கிறது. தமிழ்99-இல் அவை த, ன, ங. ஸ்கேனர் மேல் தப்பில்லை, கெர்னல் மேலும் தப்பில்லை, அம்மா மேல் நிச்சயமாக இல்லை. ஸ்கேனர் கீபோர்டு வேஷம் போட்ட நொடியிலேயே "இது மனிதர் அடித்ததல்ல, லேபிளிலிருந்து படித்தது" என்ற செய்தி தொலைந்துபோனது. கர்சர் வேறு கட்டத்தில் இருந்தால் எண் அங்கே போய் விழுவதும் இதே கதைதான்.

என்னோடு வேலை செய்யும் பையன் உடனே சொந்த டிரைவர் எழுதலாம் என்று கிளம்பினான். தேவைப்படவில்லை. கீபோர்டு, மவுஸ் எல்லாம் அடங்கும் யுஎஸ்பியின் எச்ஐடி வகையிலேயே பார்கோடு ஸ்கேனருக்கென்று விவரக்குறிப்பில் ஒரு தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள், எண் 140. தராசுக்கு 141. நல்ல ஸ்கேனர்கள் அந்த மோடுக்கு மாறும், எங்களுடையது மாறவில்லை. அதனால் லினக்ஸில் அந்த ஸ்கேனரை மட்டும் எங்கள் புரோகிராம் தனக்கென்று பிடித்துக்கொள்ளும்படி செய்தோம். அதற்கு இன்புட் பகுதியிலேயே வசதி இருக்கிறது. விசைகள் திரைக்குப் போகாமல் நேரே எங்களிடம் வரும், எந்த எழுத்து என்று நாங்களே முடிவு செய்கிறோம். கெர்னலில் ஒரு வரி கூட எழுதவில்லை.

ஆக, கட்டுரையாளர் நினைப்பதுபோல் பொது ஒரு பக்கம், தனி ஒரு பக்கம் என்று இரண்டே கட்சி இல்லை. வெறும் பைட் ஓட்டம், அதற்கு மேலே கீபோர்டு, அதற்கும் மேலே ஸ்கேனர் என்று படிகள் இருக்கின்றன. எந்தப் படியில் நின்றால் சாதனம் சொல்ல வந்தது தொலையாமல் இருக்குமோ அங்கே நிற்க வேண்டும். அதற்கு மேல் ஏறினால் மளிகைக் கடை எக்ஸ்பி, கீழே இறங்கினால் தனங2041.

இதைவிடப் பெரிய குறை கட்டுரையோடு கொடுத்திருந்த பெட்டிச் செய்தியில் இருக்கிறது. ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் எச்எக்ஸ்711 எடைச் சிப்பைப் படிக்க, இரண்டு ஜிபிஐஓ பின்களை (வெளிச் சாதனங்களை இணைக்கும் கால்களை) பைத்தானில் ஏற்றி இறக்கிக் காட்டியிருக்கிறார். மேஜைமேல் ஓடும். கடையில் ஓடாது. அந்தச் சிப்பிடம் 24 பிட் மதிப்பு வாங்க 24 துடிப்பு கொடுக்க வேண்டும். அதற்கு மேல் ஒன்றா, இரண்டா, மூன்றா கொடுக்கிறோம் என்பதை வைத்து அடுத்த முறை எந்தச் சேனல், எத்தனை மடங்கு பெருக்கம் என்று அது புரிந்துகொள்ளும். இன்னொரு குணமும் உண்டு: துடிப்பு போகும் கிளாக் பின் 60 மைக்ரோ செகண்டுக்கு மேல் உயர்ந்தே நின்றுவிட்டால் "என்னைத் தூங்கச் சொல்கிறார்கள்" என்று படுத்துவிடும். நம் புரோகிராம் பின்னை உயர்த்திய அந்தக் கணத்தில், எந்த புரோகிராம் எப்போது ஓடும் என்று முடிவு செய்யும் ஷெட்யூலர் வேறு வேலைக்குப் போய்விட்டால் போச்சு. 25 கிலோ மூட்டையை வைத்துவிட்டுப் பார்த்தால் சம்பந்தமே இல்லாத ஓர் எண் நிற்கும். அடுத்த முறை சரியாக வரும். இப்படி எப்போதாவது வருகிற கோளாறைத் தேடி நான் தொலைத்த சனிக்கிழமைகளுக்குக் கணக்கே இல்லை.

இதற்கு லினக்ஸ் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது. பின் உயர்ந்திருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் அது இன்டரப்டை (ஓடும் வேலையை இடைமறிக்கும் அழைப்பை) நிறுத்திவைக்கிறது. பைத்தானிலிருந்து இதைச் செய்ய வழியில்லை. அதே டிரைவர் வெளியே காட்டும் முகமோ பொதுவானது. கெர்னலில் ஐஐஓ என்ற பகுதியின் கீழ், மற்ற ஏடிசி சிப்புகள் (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றுபவை) எப்படித் தெரிகின்றனவோ அப்படியே ஒரு மதிப்பாகவும் அதைப் பெருக்க வேண்டிய ஒரு ஸ்கேலாகவும் தெரியும். துடிப்புக் கணக்கெல்லாம் உள்ளுக்குள்ளே. நாளைக்குச் சிப்பை மாற்றினாலும் மேலே இருக்கும் பில்லிங் புரோகிராமில் பெரிதாகக் கை வைக்க வேண்டியதில்லை. எத்தனை கிலோ என்று அது சொல்லாது, சொல்லவும் கூடாது. அது எடையை உணரும் லோடு செல்லைப் பொறுத்தது. படிக்கல்லை வைத்து நாம்தான் சரிசெய்துகொள்ள வேண்டும்.

புரோகிராம் டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் ஐஓசிடிஎல் என்ற அழைப்பு பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை கூட இல்லை. 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் வந்தது. ரீடு, ரைட் என்ற படிக்கும், எழுதும் அழைப்புகளில் அடங்காததையெல்லாம் தள்ளிவிட ஒரு பொதுவான கொல்லைப்புறக் கதவு. ஆளாளுக்கு ஓர் எண்ணை வைத்து அதன் வழியாகத் தங்கள் தனி இன்டர்ஃபேஸை நுழைத்துவிட்டு, எங்களுடையது பொது டிரைவர்தான் என்று சொல்லிக்கொள்கிறார்கள். விவரக்குறிப்பு இல்லாத அந்த எண்களை நம்பி ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். அது வேறு கதை.

கடைசியாக ஒரு திருத்தம். பெட்டிச் செய்தியில் பின்களைத் திறக்கக் கொடுத்திருப்பது, கெர்னல் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் பழைய சிஸ்எஃப்எஸ் வழி. 2016-இல் வந்த 4.8 கெர்னலிலேயே அதற்குப் பதிலாக ஜிபிஐஓ கேரக்டர் டிவைஸ் என்ற புதிய வழி வந்துவிட்டது, பழையதைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். புதியதில், புரோகிராம் செத்தால் அது பிடித்திருந்த பின் தானாக விடுபடும். பழையதில் அப்படியே கிடக்கும். அதோடு ராஸ்பெர்ரி பை 4-இல் 6.6 கெர்னல் போட்டால், பழைய வழியில் பின் எண்கள் 512-இலிருந்து தொடங்குகின்றன. நீங்கள் அச்சிட்ட பின் எண் 17 அங்கே 529. உங்கள் இதழைப் பார்த்து புராஜெக்ட் செய்யும் மாணவர்கள் 17 என்று அடித்துவிட்டு, போர்டு கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அடுத்த இதழிலேயே இதைத் திருத்திப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்